அழைத்தவளும் அஞ்சியவனும்: 'தோக்கியோக் காதற்கதை' நாடகம் பற்றிய திறனாய்வு

ஒரு பெண், தான் விரும்பும் ஆடவனை நோக்கி, உடலால் கூடலாம் வா என்று, தேநீர் பருக அழைப்பவள்போல் எளிதாகச் சொல்லிவிடுகிறாள். 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை இரவு, சப்பானிய வீடுகளின் கூடங்களில் அச்சொல் ஒலித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், 'தோக்கியோக் காதற்கதை' என்னும் தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைவுகூர்வது அவ்வொரு தொடரையே. பெண்மைக்கு இழுக்கு என்று முகம் சுளித்தோர் சிலர். பெண் விடுதலையின் முழக்கம் என்று கைதட்டியோர் பலர். இரு திறத்தாரும் அச்சொல்லைக் கேட்டனர். அதைச் சொன்னவள் அதன்பின் வாரந்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தது வேறொன்று. அதனை அவர்கள் போதிய அளவு செவிமடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

நாடகத்தின் வரலாறு சுருக்கமானது. சைமொன் ஃபுமி என்னும் பெண் ஓவியர் 1988 முதல் வார இதழொன்றில் வரைந்து வந்த படக்கதையே இதன் மூலம். அதனைத் தொலைக்காட்சிக்கென எழுதியவர் சாக்காமொத்தோ யூஜி. 1987இல், பத்தொன்பதாம் அகவையில், ஃபூஜி தொலைக்காட்சி நடத்திய இளம் எழுத்தாளர் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் அவர். இந்நாடகத்தை எழுதியபோது அவருக்கு அகவை இருபத்து மூன்றே. (பிற்காலத்தில், 2023இல், கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு பெற்றவரும் இவரே.) 1991 சனவரி 7 முதல் மார்ச் 18 வரை, திங்கள்தோறும் இரவு ஒன்பது மணிக்குப் பதினொரு பகுதிகளாக இந்நாடகம் ஒளிபரப்பாயிற்று. இறுதிப் பகுதியைப் பார்த்தோர் அளவு நூற்றுக்கு 32.3 என்று கணக்கிடப்பட்டது. திங்கள் இரவு ஒன்பது மணிக்கு அலுவலகப் பெண்களைத் தெருவில் காண இயலாது என்று அக்காலத்தில் பேசிக்கொண்டனர். ஓடா கசுமாசா பாடிய முகப்புப் பாடலின் இசைத்தட்டு இருபத்தைந்து இலட்சத்திற்கு மேல் விற்றது. பின்னர்ச் செயற்கைக்கோள் ஒளிபரப்பின் வழியே ஹாங்காங், தைவான் முதலிய இடங்களின் இளைஞரும் இதனைத் தம் கதையாகவே கொண்டனர்.

இதற்கு முன்னும் சப்பானியத் தொலைக்காட்சியில் இளைஞர் காதல் நாடகங்கள் இருந்தன. 1980களின் பிற்பகுதியில் பணம் பெருகி ஓடிய காலத்தில், அழகிய உடை, உயர்ந்த மாடி வீடு, புதிய உணவகம் ஆகியவற்றைக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டன போன்ற நாடகங்கள் அவை. அவற்றில் காதல் ஓர் அணிகலன். இன்று ஒருவர், நாளை ஒருவர்; யாருக்கும் பெரிய காயம் இல்லை. 'தோக்கியோக் காதற்கதை' அந்த அணிகலன் கடையிலேயே பிறந்தது. ஆயினும் அங்கே ஒரு காயத்தைக் கொண்டுவந்து வைத்தது.

கதையை அறியாதார்க்காகச் சில சொற்கள். ஷிக்கொக்குத் தீவின் எஹிமே மாநிலத்திலிருந்து தோக்கியோவுக்கு வேலைக்கு வருகிறான் நாகாவோ கான்ஜி. விளையாட்டுப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு இடம். அவனை வரவேற்க ஹனேடா விமான நிலையத்துக்கு வருபவள், அதே நிறுவனத்தில் பணியாற்றும் அக்கனா ரிக்கா. வெளிநாட்டில் வளர்ந்து தாயகம் திரும்பியவள். நினைத்ததை நினைத்தவாறே சொல்பவள். கான்ஜியின் உள்ளத்தில் பள்ளிக்கால முதல் குடியிருப்பவள் சத்தோமி. இப்போது அவளும் தோக்கியோவில்தான் இருக்கிறாள். மழலையர் பள்ளி ஆசிரியை. கான்ஜியின் பள்ளித் தோழன் மிக்காமியும் அங்கேயே மருத்துவம் பயில்கிறான். பெண்களை மாற்றிக்கொண்டே இருப்பவன். சத்தோமி மிக்காமியை நாடுகிறாள். கான்ஜி சத்தோமியை நாடுகிறான். ரிக்கா கான்ஜியை நாடுகிறாள். சத்தோமி மிக்காமியுடன் சேர்ந்தபின், கான்ஜி ரிக்காவின் கையைப் பற்றுகிறான். மிக்காமியால் துன்புற்ற சத்தோமி திரும்பி வரும்போது, அந்தக் கை தளர்கிறது. இவ்வளவே கதை.

இந்தக் கதையில் கட்டற்ற உறவுக்கு உரியவர் யார் என்று கேட்டால், பலரும் ரிக்காவையே சுட்டுவர். மேலதிகாரி ஒருவருடன் அவளுக்கு முன்பு தொடர்பு இருந்தது. அதனை அவள் மறைப்பதும் இல்லை. அதற்காக அழுவதும் இல்லை. ஆயின் நாடகத்தை ஊன்றிப் பார்ப்பவர்க்குக் கணக்கு மாறிவிடும். உறவை இலேசாக எண்ணுபவள் ரிக்கா அல்லள். இலேசாகப் பேசுபவள், அவ்வளவே. அவள் உடலைத் தருவதற்குத் தயங்காதது உடலை அற்பமாக எண்ணியதால் அன்று. அதனைத் தந்தபின் உள்ளமும் வந்து சேரும் என்று நம்பியதால்.

அகப்பொருள் உரையாசிரியர்கள் உள்ளப் புணர்ச்சி என்றும் மெய்யுறு புணர்ச்சி என்றும் இரண்டாகப் பகுத்துப் பேசுவதைத் தமிழாசிரியர்கள் அறிவர். உள்ளம் முதலில் கலக்கும். மெய் பின்னர்க் கலக்கும், கலவாமலும் போகும். அந்த இலக்கணத்தைச் சப்பானிய நாடகத்தின்மேல் சட்டமாகச் சுமத்துதல் பொருந்தாது. ஆனால் அச்சொற்கள் இங்கே நல்ல விளக்காகப் பயன்படும். ஏனெனில் இந்நாடகத்தின் துன்பமே அவ்வரிசை தலைகீழானதில்தான் இருக்கிறது. பெருநகரத்தில், தனித்தனி அறைகளில், பெற்றோர் பார்வைக்கு அப்பால் வாழும் இளைஞர்க்கு மெய்யுறு புணர்ச்சி ஒரு மாலைப்பொழுதின் தொலைவில் இருக்கிறது. உள்ளப் புணர்ச்சியோ பதினொரு வாரங்களிலும் கைக்கு எட்டுவதில்லை. இதனைக் கைக்கிளை என்று சொல்லிவிடவும் முடியாது. கான்ஜி ரிக்காவை விரும்பவே செய்கிறான். அவன் விருப்பம் ஓரளவுக்கு மேல் வளர அஞ்சுகிறது.

எதற்கு அஞ்சுகிறான்? அவள் உடலுக்கன்று. அவள் முழுமைக்கு. இருபத்து நான்கு மணி நேரமும் விரும்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே இரு, வேலை செய்யும்போதும் சொல் என்று ரிக்கா கேட்கும் இடம் ஒன்று உண்டு. சொல்லாவிட்டால் நெஞ்சில் இடைவெளி விழுந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. விளையாட்டுப்போல் சொல்லப்படும் இச்சொற்கள், முன்னர்ச் சொன்ன அந்த அழைப்பைக் காட்டிலும் துணிவானவை. உடலைக் கேட்டபோது திகைத்துப் பின் இசைந்தவன், சொல்லைக் கேட்டபோது வாயடைத்துப் போகிறான். அவள் அன்பு தனக்குச் சுமையாக இருக்கிறது என்னும் எண்ணம் அவனுள் வேர்கொள்வது இங்கேதான். அழைத்தவளைத் துணிந்தவள் என்று கொண்டாடும் உலகம், அஞ்சியவனைக் கோழை என்று சொல்லத் தயங்குவது ஏனோ? அவன் நல்லவனாக இருப்பதால்தான் போலும். எவரையும் புண்படுத்த விரும்பாத நல்லவனே எல்லாரையும் புண்படுத்திவிடுகிறான். ஆசிரியர் சாக்காமொத்தோ இதை ஓரிடத்திலும் எடுத்துரைக்கவில்லை, காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

பெயர் பற்றிய நுட்பம் ஒன்றையும் இங்கே சொல்லுதல் வேண்டும். தலைவனின் பெயர் கான்ஜி. அதனை எழுதும் இரண்டு சீன எழுத்துகளும் பெயராக அன்றிப் பொதுச் சொல்லாக நிற்கும்போது 'கான்ச்சி' என்று படிக்கப்படும். நோய் முற்றும் நீங்குதல் என்பது பொருள். ரிக்கா மட்டுமே அவனைக் கான்ச்சி என்று அழைக்கிறாள். கேட்போர்க்கு அது செல்லப்பெயர். எழுத்தறிந்தோர்க்கு அது ஒரு வேண்டுதலும் ஆகும். எந்த நோய் தீர அவள் அவனை அப்படி அழைத்தாள் என்பதை நாடகம் சொல்வதில்லை.

சத்தோமிக்கு இழைக்கப்பட்ட அநீதி

அக்காலத்துப் பார்வையாளர்கள் சத்தோமியை வெறுத்தனர். அவ்வெறுப்புக்கு ஒரு காட்சி காரணம். கான்ஜி ரிக்காவைக் காணப் புறப்பட வேண்டிய ஓர் இரவில், சத்தோமி அவன் வீட்டுக்கு வருகிறாள். கையில் ஓதென் இருக்கிறது. முள்ளங்கி, முட்டை, மீன்மாவுப் பண்டங்கள் ஆகியவற்றைச் சாற்றில் நெடுநேரம் வேகவைத்த, குளிர்காலத்து எளிய வீட்டு உணவு அது. போகவேண்டா என்கிறாள். அவனும் போகவில்லை. மற்றோரிடத்தில் ரிக்கா காத்திருக்கிறாள். அன்று முதல் ஓதென் என்ற சொல்லே சூழ்ச்சிக்காரிக்கு மறுபெயர் ஆயிற்று.

இது நேர்மையான தீர்ப்பன்று. சத்தோமி செய்தது என்ன? தான் விரும்புவதைக் கேட்டாள். ரிக்காவும் அதையே செய்தாள். ஒருத்தி வெளிச்சத்தில் நின்று உரக்கக் கேட்டாள். மற்றொருத்தி வாயிலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டாள். உரக்கக் கேட்டவள் தோற்றாள். தாழ்ந்து கேட்டவள் வென்றாள். பார்வையாளர்களின் சினம் உண்மையில் சத்தோமியின்மேல் எழுந்ததன்று. தாழ்ந்த குரலுக்கே என்றும் பரிசளிக்கும் ஓர் உலகத்தின்மேல் எழுந்த சினம் அது. அவ்வுலகத்தை வைய வழியின்றி அந்த ஓதென்மேல் பாய்ந்தது. சப்பானில் வேலைவாய்ப்பில் ஆணும் பெண்ணும் சமம் எனும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டு, 1986 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அலுவலகங்களில் நுழைந்த பெண்கள், உரக்கக் கேட்கலாம் என்று முதன்முறையாகச் சொல்லப்பட்டவர்கள். அவர்களே திங்கள் இரவுகளில் இந்நாடகத்தின் முன் அமர்ந்திருந்தனர். ரிக்கா தோற்பதைக் கண்டு அவர்கள் அழுததில் தம் வாழ்வைப் பற்றிய அச்சமும் கலந்திருந்திருக்கும்.

சத்தோமியாக நடித்த அரிமோரி நரிமி தம் கண்களைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார். அது வஞ்சகத்தின் அடையாளமாகப் பலர்க்குத் தோன்றியது. ஆனால் மிக்காமியுடன் வாழ்ந்த நாள்களில், அவன் வீடு திரும்பாத இரவுகளில், தனியே அமர்ந்திருக்கும் அவளைக் கண்டவர்க்கு அந்தத் தாழ்ந்த கண்களின் பொருள் விளங்கும். கட்டற்ற உறவின் விலையை இந்நாடகத்தில் முதலில் செலுத்தியவள் அவளே. ரிக்கா உடலில் தொடங்கி உள்ளத்தைத் தேடினாள். சத்தோமியோ உள்ளம் இருக்கும் என்று நம்பி ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே உடல் மட்டுமே இருப்பதைக் கண்டு வெளியேறினாள். இவ்விருவரையும் எதிரிகளாக வைத்துப் பார்ப்பது எளிது. ஒரே கேள்வியை இரு வாயில்களில் தட்டியவர்களாகப் பார்ப்பதே பொருத்தம்.

காத்திருக்கும் பெண் சப்பானிய இலக்கியத்தில் மிகப் பழையவள். ஹெயான் காலத்தில் ஆடவன் இரவில் பெண்ணின் இல்லத்துக்கு வந்து விடியலில் மீளும் வழக்கம் இருந்தது. அவன் வாராத இரவைப் பாடுவது பெண்ணின் பாட்டுக்குரிய பொருளாயிற்று. 905ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட கொக்கின்ஷூவின் காதற்பாடல்களில் இக்காத்திருப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ரிக்கா அந்த மரபுக்கு நேர்மாறானவள் போலத் தோன்றுகிறாள். அவள் தானே போகிறாள், தானே அழைக்கிறாள். ஆயினும் பகுதி தோறும் அவள் எங்கேனும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள்: தெருமுனையில், தொலைபேசியின் அருகில், குளிரில். கைத்தொலைபேசி இல்லாத காலம். ஒருவன் வாராமைக்குக் காரணம் விபத்தா, வேலையா, வேறொருத்தியா என்று அறிய வழியில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பெண் திரைக்குப் பின் அமர்ந்து காத்திருந்தாள். இவள் நின்றுகொண்டு காத்திருக்கிறாள். சுசூக்கி ஹொனாமியின் நடிப்பில் தலைசிறந்தது இக்காத்திருப்பே. அவன் வந்துவிட்டால் உடனே சிரிக்க வேண்டும் என்று முகத்தை ஆயத்தமாக வைத்திருக்கும் ஒருத்தியை அவர் காட்டுகிறார். அந்தச் சிரிப்பு நெடுநேரம் செலவாகாமல் முகத்திலேயே நின்றுவிடும்போது, பார்ப்பவர்க்கு நெஞ்சு கனக்கிறது.

குறைகளும் உள. மிக்காமியின் மனமாற்றம் நம்பத்தக்கதாக இல்லை. உடன் பயிலும் நவோக்கோ என்னும் செல்வர் மகள் வந்ததும், பல பெண்களை நாடியவன் ஒருத்திக்கு உரியவனாகிவிடுகிறான். எவ்வாறு என்பதற்கு எகுச்சி யோசுக்கேயின் நீண்ட கூந்தலைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை. ஒருவரையொருவர் தவறவிடும் நிகழ்ச்சிகளும் அளவுக்கு மிஞ்சியவை. ஓரிரு முறையாயின் ஊழ் எனலாம். வாரந்தோறும் என்றால் அது ஆசிரியரின் கைவண்ணம். சம்பளக்காரர் குடியிருக்கும் வீடுகளின் பரப்பையும் நேர்த்தியையும் பார்த்தால், அந்நகரத்து வீட்டு வாடகையை எழுத்தாளர் ஒருமுறையேனும் கேட்டறிந்தாரா என்ற ஐயம் எழும். 2020இல் இந்நாடகம் புதிய நடிகர்களுடன், கைத்தொலைபேசிக் காலத்துத் தோக்கியோவுக்கு மாற்றப்பட்டு மீண்டும் எடுக்கப்பட்டது. தவறவிடுதலே கதையின் உயிர் என்றால், கையில் தொலைபேசி வந்ததும் அக்கதை இறந்திருக்க வேண்டும். இறக்கவில்லை. தந்திகளும் தொலைபேசிகளும் கடக்க முடிந்த தொலைவு அன்று அது என்பதற்கு, மீண்டும் எடுக்கத் துணிந்ததே சான்று.

பைஷின்ஜி நிலையம்

இறுதிப் பகுதிக்காக மட்டும் இந்நாடகத்தைப் பார்த்தாலும் பொழுது வீணாகாது. ரிக்கா தோக்கியோவிலிருந்து மறைந்துவிடுகிறாள். கான்ஜி அவளைத் தேடித் தன் சொந்த மாநிலமாகிய எஹிமேக்குப் போகிறான். அங்கே அவன் படித்த பள்ளியில், சிறுவனாக இருந்தபோது அவன் கீறிவைத்த தன் பெயருக்கு அருகில் ரிக்காவின் பெயர் புதிதாகக் கீறப்பட்டிருக்கிறது. அவனுடைய இன்றைய நாள்களில் இடம் கிடைக்காதவள், அவன் இளமைக்காலத்தில் இடம் பிடித்துக்கொள்கிறாள். அவனுக்கு முன்பே அங்கே இருந்த சத்தோமியோடு போட்டியிட வேறு வழி அவளுக்கு ஏது?

இருவரும் சந்திக்கின்றனர். தான் 4 மணி 48 நிமிட வண்டியில் செல்வதாகவும், மனம் மாறினால் அதற்குள் வரலாம் என்றும் அவள் உணர்த்துகிறாள். மட்சுயாமா நகரின் புறத்தே, நடைமேடையை ஒட்டியே கடல் விரியும் பைஷின்ஜி என்னும் சிறு நிலையம் அது. கான்ஜி ஓடி வருகிறான். 4.48க்கு முன்பே வந்துவிடுகிறான். ஆனால் ரிக்கா அதற்கு முந்திய வண்டியிலேயே போய்விட்டாள். நடைமேடைக் கம்பியில் ஒரு கைக்குட்டை கட்டப்பட்டிருக்கிறது. அதில் உதட்டுச் சாயத்தால் எழுதிய விடைச்சொல், கான்ச்சி என்ற அப்பெயரோடு. ஓடும் வண்டியில் அவள் அழுவது காண்போர்க்கு மட்டும் தெரிகிறது, அவனுக்குத் தெரியாது.

அவள் ஏன் முன் வண்டியில் ஏறினாள்? இவ்வினாவுக்கு விடை காணாமல் இந்நாடகத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்லுதல் இயலாது. அவன் வரமாட்டான் என்று அஞ்சி ஏறினாள் என்பர் சிலர். அது போதாது. வாராவிட்டால் துன்பம் ஒன்றே. வந்துவிட்டால் துன்பம் இரண்டு. வந்தவன் அன்பால் வந்தானா, இரக்கத்தால் வந்தானா, கடமையால் வந்தானா என்று வாழ்நாள் முழுதும் அவள் கேட்டுக்கொண்டிருக்க நேரும். அவன் உடல் எப்போதும் வந்தது. அழைத்தபோதெல்லாம் வந்தது. பைஷின்ஜிக்கும் ஓடியே வந்தது. உடல் வந்து நிற்பதை உள்ளம் வந்ததற்குச் சான்றாகக் கொள்ளும் பிழையை அவள் முன்னரே செய்து பார்த்தவள். மறுமுறை செய்ய விரும்பவில்லை. பதினொரு வாரங்களாகக் காத்துக்கொண்டே இருந்தவள், முதன்முறையாகக் காத்திராமல் போனாள். காத்திராமைக்கு அவள் குறித்துக்கொண்டது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில்தான் அவளுடைய தன்மதிப்பு முழுதும் இருக்கிறது.

தோற்றாள் என்று அழுதவர்களுக்கு இவ்விளக்கம் ஆறுதலாக இராது. ஆறுதல் தருவதற்காகச் சாக்காமொத்தோ எழுதவும் இல்லை. மூன்றாண்டுகள் கழிகின்றன. கான்ஜி சத்தோமியை மணந்திருக்கிறான். தோக்கியோத் தெருவொன்றில், மனைவியுடன் செல்லும்போது, ரிக்காவை எதிர்ப்படுகிறான். சத்தோமி இருவரையும் பேசவிட்டு விலகிப் போகிறாள். வெற்றி பெற்றவளின் பெருந்தன்மை என்று இதனைக் கொள்வோர் உண்டு. இரு வாயில்களில் ஒரே கேள்வியைத் தட்டியவர்களுக்கிடையே இருக்கும் அறிமுகம் என்று கொள்ளினும் தவறில்லை. ரிக்கா மாறவில்லை, அதே சிரிப்பு, அதே வேகம். சிறிது நேரம் பேசிவிட்டு விடைபெற்றுக் கூட்டத்தினுள் நடக்கிறாள். கான்ஜி நின்று பார்க்கிறான்.

பைஷின்ஜி நிலையத்தின் கம்பியில் இந்நாளிலும் வெளியூரார் வந்து கைக்குட்டை கட்டிவிட்டுப் போகின்றனர்.